மஞ்சுளா தாமதமாக வரவில்லை

என்னைப் பற்றி யாராவது உங்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தால் அதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதிப் பாதியை இதைப் படித்து முடித்ததும் நீங்களே தள்ளிவிடுவீர்கள்.

ஓசூரில் பிசியோதெரபிஸ்ட்டாக முப்பது வருடம் ஓட்டினேன். மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்ன கிளினிக், அதோடு நாலைந்து கம்பெனிகளுக்கு வாராவாரம் போய்வருவது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்தார்கள். ‘கழுத்து டாக்டர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் ஒன்றிரண்டு வருடம் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அந்த வேலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். எந்தத் தசை எங்கே ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது என் கண்காணிப்பில்தான். அதைக்கூட எப்படியோ சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

முதலில் வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வாரத்துக்கு இரண்டு மதியம் எனக்கு. முதலுதவி அறைதான் என் இடம். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் அந்தப் பிரிவு சூப்பர்வைசர் போன் செய்துவிடுவார். மிஷின் ஷாப்பிலிருந்து வருபவர்களின் ஷூவில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வெள்ளை டைல்ஸ் தரை பாழாகிறது என்று செருப்பு, ஷூ எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். நர்ஸ் தேன்மொழி அடுத்த ஆளை அழைத்துவந்து ஸ்டூலில் உட்காரவைப்பாள். அப்போது நான் முந்தைய ஆளைப் பற்றிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். நிமிர்ந்து பார்க்கும்போது ஆள் உட்கார்ந்திருப்பார். சிகிச்சை முடிந்து மறுபடி பதிவேட்டில் குனியும்போது எழுந்து போயிருப்பார். அந்தக் கம்பெனியில் நூறு பேரையாவது எனக்கு உட்கார்ந்த கோலத்தில் மட்டும்தான் தெரியும்.

மஞ்சுளாவையும் அப்படித்தான் தெரியும். நாற்பதைத் தாண்டியவர், உத்தனப்பள்ளிக்காரர். கணவர் முனிராஜுக்கு அங்கே மூன்று ஏக்கர் தக்காளித் தோட்டம். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். மஞ்சுளா டெஸ்பாட்ச் ஆபீசில் பில் அடிக்கும் வேலையில் பன்னிரண்டு வருடமாக இருந்தார். சரக்கு ஏற்றிய லாரிகள் அவர் காகிதத்துக்காக கேட்டில் நிற்கும். வீட்டில் தெலுங்கு, லாரி டிரைவர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு மூன்று பாஷையிலும் பேசியபடியே தட்டச்சு செய்வார். கை நிற்காது. அந்தக் கம்பெனியில் அவ்வளவு வேகமாக அடிக்கிறவர் வேறு யாரும் இல்லை.

“கழுத்துலருந்து தோள் வரைக்கும் இழுக்குது சார்” என்றார் முதல் நாள். “சாயங்காலமானா தலையத் திருப்ப முடியல. பஸ்ஸுல யாராவது கூப்ட்டா உடம்போட திரும்பறேன்.”

இந்த மாதிரி வலியில் எனக்குக் கை தேர்ந்திருந்தது. அன்றே அவர் உட்காரும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். மானிட்டர் மேஜையோடு மேஜையாகக் கிடந்தது. அதன் அடியில் இரண்டு பண்டல் ஏ4 தாளை வைத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்தினேன். நாற்காலியின் உயரத்தை மாற்றும் பிடி உடைந்திருந்ததை மாற்றச் சொன்னேன். கால் வைக்கப் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு மரப்பலகை. போனுக்கு ஹெட்செட். கடைசியாக, அவர் கை எட்டும் தூரத்தில் இருந்த பிரிண்டரைத் தூக்கி அறையின் மறுகோடியில் வைக்கச் சொன்னேன்.

இந்தப் பிரிண்டர் வித்தையை நீங்களும் செய்யலாம், தப்பே இல்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள் என்று சொன்னால் எந்த ஆபீஸ்காரரும் எழுந்திருக்க மாட்டார். எழுந்திருக்காமல் வேலை ஓடாது என்று ஏற்பாடு செய்துவிட்டால் எழுந்திருப்பார். கழுத்துக்கு நாம் கொடுக்கும் பயிற்சிகள் எல்லாவற்றையும்விட ஒருவர் அடிக்கடி எழுந்து நடப்பது நல்லது. இதை இன்றும் நம்புகிறேன்.

ஒரே மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது. “காலைலருந்து நடக்கவே வெச்சுட்டீங்களே சார்” என்று சிரித்தார். ஹெச்.ஆர். அதிகாரி வந்து அந்த மேஜையைப் படம் எடுத்துக்கொண்டு போய் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நானும் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு மற்ற கம்பெனிகளில் காட்டினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊர் முதுகையெல்லாம் பார்க்கிறவனுக்கு அது இன்னும் தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் இருக்கும். மஞ்சுளா மறுபடி வந்தார்.

“கழுத்து பரவால்ல சார். கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. ஒரு எழுத்து அடிக்கப் போனா பக்கத்து எழுத்து விழுது.”

“வேலை ஜாஸ்தியா?”

“மாசக் கடைசி. எப்பவும் இருக்கறதுதான.”

விரல்களை மடக்கி நீட்டச் சொன்னேன். செய்தார், கொஞ்சம் மெதுவாக. மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுவிட்டு, அழுத்திப் பிடிக்க ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தேன். பதிவேட்டில் ‘கை மரமரப்பு, வேலைப்பளு’ என்று எழுதினேன். பத்து நிமிடம் முடிந்திருந்தது. கழுத்து வலி குறைந்துவிட்டது என்ற சந்தோஷம் எனக்கு. வலி குறையக் குறையக் கை ஏன் மோசமாக வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு அவர் விடாமல் வந்தார். ஒரு முறை, வலது கை மட்டுமல்ல, இடதும் அப்படித்தான் இருக்கிறது என்றார். இன்னொரு முறை, காலையில் புடவைக்கு ஊக்குப் போட மகளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றார். பந்தை இன்னும் நன்றாக அழுத்துங்கள் என்றேன். ஒருநாள் அவர் போன பிறகு தேன்மொழி சொன்னாள்: “அக்கா ரொம்ப ஸ்டைலாயிடுச்சு சார். கேன்டீன்ல இப்பல்லாம் ஸ்பூன்லதான் சாப்புடுது. சோத்தப் பிசையறதே இல்ல.” அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாழ்நாள் முழுக்கக் கையால் பிசைந்து சாப்பிட்ட பெண் திடீரென்று ஸ்பூன் எடுக்கிறார் என்றால் அதற்குக் காரணம் ஸ்டைலாக இருக்காது. பாடப் புத்தகத்தில், சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று கேளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். சோற்றைப் பற்றி எழுதவில்லை. நான் பொத்தானுக்காகக் காத்திருந்தேன் போலிருக்கிறது.

ஒரு மதியம் டெஸ்பாட்ச் ஆபீஸ் வழியாகப் போனபோது பேக்கிங் ஆள் ஒருவர் பிரிண்டரிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டு போய் மஞ்சுளாவிடம் கொடுப்பதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது.

“நடக்கணும்னுதான பிரிண்டர அங்க வெச்சேன். ஆள விட்டு எடுக்கறீங்களா? இப்படிச் சோம்பேறித்தனம் பண்ணா வலி திரும்ப வராம என்ன பண்ணும்?”

பத்துப் பேருக்கு நடுவில் சொன்னேன். மஞ்சுளா முகம் சுருங்கிவிட்டது. “இல்ல சார், கால் கொஞ்சம் அசதி” என்றார். அடுத்த காகிதத்துக்கு அவரே எழுந்துவிடுவார் என்று நினைத்து, எழுந்தாரா என்று பார்க்காமல் நான் வந்துவிட்டேன். நின்று பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வருடக்கணக்கில் என்னைத் தூங்கவிடாதது அந்தச் சோம்பேறித்தனம் என்ற சொல்தான்.

அதே மாதத்தில், பில்லில் லாரி நம்பர் ஒரு எழுத்து மாறிப்போய், அத்திப்பள்ளி தாண்டிச் சோதனைக்காரர்கள் லாரியை நிறுத்திவிட்டார்கள். முழு நாள் நின்றது. மஞ்சுளாவை எல்லோர் முன்பும் திட்டினார்களாம். ஹெச்.ஆர். அதிகாரி என்னிடம் வந்தார். நல்ல மனிதர்தான், அவசரத்தில் இருந்தார்.

“சார், ஒரே வார்த்தைல சொல்லுங்க. அந்தம்மாவுக்கு நெசமாவே உடம்புக்கு ஏதாவது இருக்குதா, இல்ல சாக்கு சொல்லுதா?”

அந்த இடத்தில் உங்களில் யாராவது ஒருநாள் நிற்பீர்கள். கேட்கிறவருக்கு ஒரே வார்த்தை வேண்டும். நமக்கோ வெளியே நாலு பேர் காத்திருப்பார்கள். ‘எனக்குத் தெரியவில்லை, இன்னொருவரைப் பார்க்கச் சொல்லலாம்’ என்பதும் ஒரு பதில்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கழுத்து டாக்டர் அல்லவா. “கழுத்து நல்லா ஆயிடுச்சு. மனசுலதான் கொஞ்சம் டென்ஷன் போல” என்றேன். அவர் குறித்துக்கொண்டு போனார். மறுவாரம் மஞ்சுளாவைப் பில் வேலையிலிருந்து எடுத்து ஃபைல் அடுக்கும் வேலையில் போட்டார்கள்.

பிறகு மழைக்காலம். முதலுதவி அறையில் டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று மட்டும் செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில், கூரைக்கு அடியில் எனக்கு மேஜை போட்டார்கள். எதிரே ஈரமான முற்றம், அதற்கு அந்தப் பக்கம் டெஸ்பாட்ச் ஆபீஸ். மஞ்சுளா வெளியே வந்து என்னை நோக்கி நடந்துவந்தார்.

அவர் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கால்களை அகட்டி, தரையைப் பார்த்தபடி, வழுக்குப் பாறையில் நடப்பவர் போல வந்தார். பாதி வழியில் இடது செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. வெறுங்கால் ஜல்லியிலும் சேற்றிலும் பதிய ஆறேழு அடி வந்துவிட்டார்.

செக்யூரிட்டிக்காரர்தான் கத்தினார். “யம்மா, செருப்ப உட்டுட்டுப் போறியே.”

மஞ்சுளா குனிந்து காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் தெரிந்தது. “மறுபடியும் போச்சா” என்றார்.

“மறுபடியும்னா?” என்றேன். எழுந்து நின்றுவிட்டிருந்தேன்.

“ரெண்டு மூணு மாசமா இதே கததான் சார். பஸ்ஸுலயே ஒண்ணு போயிடுச்சு. லூஸுன்னு சொல்லி புதுசு வாங்குனேன். அதுவும் நிக்க மாட்டேங்குது. உங்க ரூம்ல வெளியவே கழட்டிட்டு வர்றதால நானும் சொல்லல. கழுத்து வலிக்கு வந்துட்டு செருப்பப் பத்தி என்னாத்த சொல்றது.”

உங்களுக்குப் புரிந்திருக்கும். கழுத்து எலும்புகளுக்கு நடுவிலிருந்து நழுவிய தட்டு தண்டுவடத்தையே நசுக்கிக்கொண்டிருந்தால் வலி குறைவாகக்கூட இருக்கும். விரலின் நுண்ணிய வேலை முதலில் போகும். பிறகு கால் தரையை அறியாது. எனக்கும் இது தெரியும், பரீட்சையில் எழுதித் தேறியவன்தான். ஆனால் கழுத்து வலி என்று வந்த பெண்ணிடம் புடவையை முழங்கால் வரை தூக்குங்கள், கால் நரம்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல இத்தனை மாதம் கூச்சப்பட்டிருந்தேன். ஆண் பிள்ளை, கம்பெனி, பத்து நிமிடம், ஏதாவது பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். அன்று தேன்மொழியைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு பார்த்தேன். முழங்காலைத் தட்டியதும் கால் எகிறி என் மேஜையில் இடித்தது. பாதத்தின் அடியில் வண்டிச் சாவியால் கோடிழுத்தேன். கட்டைவிரல் மெல்ல மேலே எழுந்தது. அது கீழே மடங்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். கை என்று சொல்லிக்கொண்டு மஞ்சுளா ஒன்பது முறை வந்திருந்தார். ஒன்பதும் என் கையெழுத்தில். ஒவ்வொன்றிலும் அவர் ஒரு புது விஷயம் சொல்லியிருக்கிறார். வரிசையாகப் படித்தால் இரண்டாம் வருட மாணவன்கூட நோயின் பெயரைச் சொல்லிவிடுவான். ஆனால் வரிசையாக யாரும் படிக்கவில்லை.

மறுநாளே பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். முனிராஜ் தோட்ட வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். ஸ்கேன் பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர் பெரியவர், பொறுமையானவர். கை எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ஏழெட்டு மாதம் என்றார் மஞ்சுளா. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இஷ்டு லேட்டாகி பந்த்ரே ஹேகம்மா” என்றார் கன்னடத்தில். இவ்வளவு தாமதமாக வந்தால் எப்படியம்மா என்று அர்த்தம். ஆபரேஷன் செய்தால் மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம், போனது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்.

முனிராஜ் மனைவியைப் பார்த்தார். மஞ்சுளா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். இவர் தாமதமாக வரவில்லை டாக்டர், ஒன்பது முறை என்னிடம் வந்தார் என்று நான் சொல்ல வேண்டிய நேரம் அது. நான் வாயைத் திறப்பதற்குள் முனிராஜ் என்னைக் காட்டி டாக்டரிடம் சொன்னார், நெகிழ்ந்துபோய்: “இந்த சார்தான் கண்டுபுடிச்சாரு. இவரு இல்லன்னா இன்னும் தெரிஞ்சிருக்காது.” டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. நோய் அதோடு நின்றது. கை திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிந்தது. ஊக்குப் போட, பூட்டைத் திறக்க, நோட்டில் எழுத முடியவில்லை. வேலையை விட வேண்டியதாயிற்று. நான் வாராவாரம் உத்தனப்பள்ளிக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தேன். அதற்காக முனிராஜ் என்னைத் தெய்வம் மாதிரி நடத்தினார். அறுவடை நடக்கும்போதெல்லாம் மூக்கண்டப்பள்ளியில் என் வீட்டு வாசலில் ஒரு பெட்டித் தக்காளி இறங்கும். நல்லதாகப் பொறுக்கி அடுக்கியிருப்பார். என் மனைவி ரசம் வைப்பாள். நான் சாப்பிடுவேன்.

அந்த வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. முனிராஜ் கெட்டவர் இல்லை. மனைவிக்குத் தலை வாரிவிடுவார், சோறு ஊட்டுவார். ஊட்டிக்கொண்டே சொல்லுவார்: “கை வராதப்பவே போயிருந்தா இந்தப் பாடு உண்டா. கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணி என்னா ஆவுது.” உறவுக்காரர்கள் வந்தாலும் அதையே சொல்லுவார். அவர்களும் தலையாட்டுவார்கள். இந்தப் பொம்பளைகளே இப்படித்தான், முற்றவிட்டுத்தான் சொல்லுவார்கள் என்பார்கள். மஞ்சுளா பேசாமல் இருப்பார். நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். மகளுக்குப் பரீட்சை முடியட்டும், இந்த அறுவடை முடியட்டும், மஞ்சுளா இன்னும் கொஞ்சம் தேறட்டும். சொல்லாமல் இருப்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்காத வாரமே இல்லை. நான்கு வருடம் ஓடிவிட்டது.

நீங்கள் தவறு செய்வீர்கள். செய்யாதவர் யாரும் இந்தத் தொழிலில் இல்லை. கழுத்தோடு கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள், செருப்போடு நடக்கவைத்துப் பாருங்கள், கூச்சமாக இருந்தால் ஒரு பெண்ணைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். இதெல்லாம் செய்தும் ஏதோ ஒன்று தப்பும். நோயாளிகளுக்குத் தங்களையே குறை சொல்லிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது நமக்கு ரொம்ப வசதி. நாம் வாயைத் திறக்காவிட்டாலே போதும், பழி தானாக அவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில் முனிராஜ் தோட்டத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். காரியத்துக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனேன். வழியில் சானமாவு காட்டில் யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று அரை மணி நேரம் வண்டிகளை நிறுத்திவைத்தார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். எனக்குப் பின்னால் லாரிகள் நின்றதால் திரும்ப இடமில்லை.

மஞ்சுளா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மகள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். துக்கம் கேட்கிற வார்த்தைகள் முடிந்தன. பிறகு சொன்னேன். பெங்களூர் டாக்டர் சொன்னது தப்பு, நீங்கள் தாமதமாக வரவில்லை, கை சரியில்லை என்று ஒன்பது முறை என்னிடம் வந்தீர்கள், ஒன்பது முறையும் நான்தான் கவனிக்கவில்லை, ஹெச்.ஆரிடம் உங்களுக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னேன், நான் சரியாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு உங்கள் கை நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லி முடித்தேன்.

மஞ்சுளா அதிர்ச்சி அடையவில்லை.

“நான் வந்தது எனக்குத் தெரியாதா சார்” என்றார்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவருகிட்டயும் சொன்னேன். ஆஸ்பத்திரிலருந்து வந்த அன்னிக்கே சொன்னேன். சாருகிட்ட எத்தினியோ வாட்டி காட்டுனேன்னு. அவரு நம்பல. சார் எப்டி உடுவாரு, நீதான் சரியாச் சொல்லியிருக்க மாட்டேன்னுட்டாரு. உங்க மேல அவ்ளோ மரியாத. அதுக்கப்பறம் நான் சொல்றதில்ல. சொன்னா, சார் மேலயே பழி போடறியான்னு அதுக்கும் சண்ட வரும்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்றேனா இல்லையா என்றுகூட இப்போது நினைவில்லை.

“கடைசி வரைக்கும், நீ அன்னிக்கே போயிருந்தா, நீ அன்னிக்கே போயிருந்தான்னு சொல்லிச் சொல்லித்தான் போனாரு. எம் மேல கோவம்னு இல்ல. அவருக்கு மனசு ஆறல. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு.” மடியில் கிடந்த தன் விரல்களைப் பார்த்தார். “நல்ல மனுஷன் சார். உங்களையும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. என்னையும் சொல்லாம இருந்திருப்பாரு.”